முன்சக்கர இயக்கத்தை அகற்றுதல் தகுமா?

களப்பணி புரியும் துறைகளில் ஒரு கருத்து அவ்வப்போது எழுப்பப்படுவதுண்டு. நாற்சக்கர இயக்கமுள்ள ஜீப், சிறு டிரக் முதலிய வண்டிகளில் முன்சக்கரங்களைச் சுழற்றும் உறுப்புகளைக் கழற்றி எடுத்துவிட்டு, அவற்றைப் பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள வண்டிகளாக மாற்றிவிடலாம் என்பதே அக்கருத்தாகும். எரிபொருள் மிச்சமாகும், பழுதுபார்க்கும் செலவு குறையும், உதிரிப் பாகங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை என்று அதற்குக் காரணங்கள் கூறப்படுகின்றன.

இக்கருத்து எழுவதற்குக் காலத்தின் போக்கும் இடந்தருகிறது. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற பொழுது, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஜீப் வண்டி இன்றியமையாத சாதனமாயிற்று. மாட்டு வண்டித் தடங்களையும் மணற்பாங்கான ஓடைகளையும் கடந்தே பெரும்பாலான கிராமங்களை அடைய வேண்டியிருந்தது. 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் இந்நிலையைப் பெரிதும் மாற்றியுள்ளது. முன்பு சேற்றிலே புரண்ட வண்டி இன்று தார்ச்சாலையிலே ஓடுகிறது. ஆகவே, பயன்படாத உறுப்பைச் சுமந்து திரிவானேன் என்ற வினா நியாயமானதே.

வினா நியாயமானதாயினும், அதற்கு விடையாகக் கூறப்படும் மாற்றம் பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்துவதன்று. முன்சக்கர இயக்கத்தை வேண்டாத பொழுது விலக்கி வைப்பதும், அதை நிலையாக அகற்றிவிடுவதும் வெவ்வேறு செயல்கள். முன்னதனால் கிடைக்கும் மிச்சத்துக்கு மேல் பின்னதனால் கிடைப்பது மிகச் சிறிதேயாம். ஆனால் பின்னதனால் நேரும் இழப்போ பெரிது. இதனை உணர்வதற்கு வண்டியின் அமைப்பைச் சற்று ஆராய்தல் வேண்டும்.

இயக்கம் பிரியும் முறை

எஞ்சினில் எழும் ஆற்றல் கிளட்ச் வழியாகக் கியர்ப்பெட்டியை அடைகிறது. சாதாரண வண்டியில் அது அங்கிருந்து நீண்ட தண்டின் வழியாகப் பின் அச்சுக்குச் செல்லும். நாற்சக்கர இயக்க வண்டியில் கியர்ப்பெட்டிக்குப் பின்னால் மற்றொரு பெட்டி உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸ் எனப்படும் இப்பெட்டி, ஆற்றலை இரண்டாகப் பிரித்து ஒரு தண்டைப் பின் அச்சுக்கும் மற்றொரு தண்டை முன் அச்சுக்கும் செலுத்துகிறது. ஒவ்வோர் அச்சின் நடுவிலும் கிரவுன், பினியன், டிஃபரன்ஷியல் ஆகியவை அமைந்துள்ளன.

பழைய வில்லிஸ் ஜீப்பிலும், அதன் வழிவந்த பல இந்திய வண்டிகளிலும், முன் அச்சின் இயக்கம் விருப்பப்படி சேர்க்கவும் விலக்கவும் கூடியது. லீவரை ஒரு நிலையில் வைத்தால் முன் தண்டும் பின் தண்டும் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து ஒரே வேகத்தில் சுழலும். மற்றொரு நிலைக்கு மாற்றினால் முன் தண்டு விடுபடும். தார்ச்சாலையில் இவ்விரண்டு தண்டுகளையும் பிணைத்து ஓட்டலாகாது என்பதை டிரைவர்கள் பலர் கேட்டிருப்பர். அதன் காரணத்தை அறிந்தோர் சிலரே.

மாட்டு வண்டியின் இரு சக்கரங்களும் அச்சில் தனித்தனியே சுழல்வன. வண்டி திரும்பும் பொழுது வெளிச்சக்கரம் கூடுதலாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுழன்றுகொள்கின்றன. இரண்டையும் ஒரே தண்டில் அடித்து இறுக்கிவிட்டால், திரும்பும் பொழுதெல்லாம் ஏதேனும் ஒரு சக்கரம் தரையில் இழுபட்டே தீரும். மோட்டார் வண்டியில் இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் இடையேயுள்ள இவ்வேற்றுமையை டிஃபரன்ஷியல் சமாளிக்கிறது. ஆனால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையேயும் வேற்றுமை உண்டு என்பது பலர் கவனத்துக்கு வருவதில்லை.

போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் முன் பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 80 அங்குலம். அதாவது சுமார் 2.03 மீட்டர். அதன் பின் அச்சின் நடுப்புள்ளி 6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்புவதாகக் கொள்வோம். அப்பொழுது முன் அச்சின் நடுப்புள்ளி செல்லும் வட்டத்தின் ஆரம், பித்தகோரசின் விதிப்படி, சுமார் 6.33 மீட்டராகும். கால் வட்டம் திரும்பி முடிப்பதற்குள் பின் அச்சு 9.42 மீட்டரும் முன் அச்சு 9.95 மீட்டரும் ஓடியிருக்கும். வேற்றுமை அரை மீட்டருக்கு மேலாகும். இரு தண்டுகளும் பிணைந்திருந்தால் இந்த அரை மீட்டரை டயர் வழுக்கியே ஈடுசெய்ய வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் எளிதில் வழுக்கிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் அது வழுக்காது. ஆகவே தண்டுகள் முறுக்கேறுகின்றன, ஸ்டியரிங் கனக்கிறது, லீவர் விடுபட மறுக்கிறது, பற்சக்கரங்கள் தேய்கின்றன.

முன் டயர்களும் பின் டயர்களும் ஒத்த அளவில் இல்லாவிடினும் இதே கேடு விளையும். தேய்ந்த டயரின் சுற்றளவு புதிய டயரைவிட நூற்றுக்கு 2 பங்கு குறைவாயிருப்பின், நேர்ச்சாலையிற்கூட ஒரு கிலோமீட்டருக்கு 20 மீட்டர் வேற்றுமை உண்டாகும். முன்சக்கர இயக்கத்தின்மீது சுமத்தப்படும் குறைகளுட் சில உண்மையில் அவ்வுறுப்பின் குறைகளல்ல. தார்ச்சாலையில் லீவரை விலக்காமல் ஓட்டியதும், பின்புறம் புதிய டயரும் முன்புறம் பழைய டயரும் பூட்டியதுமே அவற்றின் காரணங்களாம். உறுப்பை அகற்றுமுன் இவ்விரண்டையும் சோதித்தல் முதற்கடமையாகும்.

மிச்சம் எவ்வளவு?

லீவரை விலக்கிய நிலையிலும் முன் அச்சில் வீண் உழைப்பு ஒன்று எஞ்சியிருக்கிறது. தரையில் உருளும் முன்சக்கரங்கள் தம்முடன் அரைத்தண்டுகளையும், கிரவுன் பினியனையும், முன் தண்டையும் சுழற்றிக்கொண்டே செல்கின்றன. எஞ்சின் அவற்றைச் செலுத்தாவிடினும் சாலை அவற்றைச் செலுத்துகிறது. எண்ணெயைக் கலக்குவதிலும் பேரிங்குகளின் உராய்விலும் சிறிது ஆற்றல் செலவாகிறது, தேய்மானமும் உண்டு.

இவ்விழப்பைத் தடுக்க முன் அச்சை அறுக்க வேண்டியதில்லை என்பது முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே கண்டறியப்பட்ட செய்தியாகும். 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. போர் முடிந்ததும் அவற்றுட் பல குடிமக்கள் கைக்கு வந்தன. பண்ணையிலும் காட்டிலும் உழைத்த அவ்வண்டிகள் சாலையிலும் நெடுந்தொலைவு ஓட வேண்டியிருந்தது. இத்தேவையை உணர்ந்து, வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஆர்தர் வார்ன் என்பார் 1948-ஆம் ஆண்டில் பூட்டித் திறக்கக்கூடிய முன்சக்கர ஹப்புகளைச் செய்து விற்கத் தொடங்கினார். சக்கரத்தின் நடுவிலுள்ள குமிழைக் கையால் திருப்பினால் சக்கரம் அரைத்தண்டிலிருந்து விடுபடும். பிறகு சக்கரம் மட்டுமே உருளும்; அரைத்தண்டும் கிரவுனும் முன் தண்டும் அசையாமல் நிற்கும். மறுபடியும் திருப்பினால் பிணைப்பு ஏற்படும். நம் நாட்டுச் சாலைகளில் பலரும் கண்டுள்ள மாருதி ஜிப்ஸி வண்டியிலும் இத்தகைய ஹப்புகள் இருந்தன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். ஹப்புகளைத் திறந்து விட்ட வண்டியும், முன் இயக்க உறுப்புகள் அகற்றப்பெற்ற வண்டியும், சாலையில் ஓடும் பொழுது ஏறக்குறைய ஒரே நிலையில் உள்ளன. இரண்டிலும் முன் உறுப்புகள் சுழல்வதில்லை. எடை மட்டுமே வேற்றுமை. ஆகவே, அகற்றுவதால் எவ்வளவு எரிபொருள் மிச்சமாகும் என்பதை அகற்றாமலே அறிந்துகொள்ள இயலும். ஹப்புகளைப் பூட்டி ஒரு மாதமும், திறந்து ஒரு மாதமும், அதே பாதையில், அதே டிரைவரைக் கொண்டு, அதே சுமையுடனும் அதே காற்றழுத்தத்துடனும் ஓட்டிக் கணக்கிடலாம். ஒவ்வொரு முறையும் டாங்கியை விளிம்புவரை நிரப்பிக் குறித்துக்கொண்டால் போதும். இச்சோதனையில் தெரியாத மிச்சம் மாற்றத்துக்குப் பின்னும் தெரியப் போவதில்லை.

திறக்கும் ஹப்புகளைக் கையாள்வதில் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, தார்ச்சாலையை விட்டு இறங்குமுன் இரண்டு ஹப்புகளையும் பூட்டுதல் வேண்டும். ஒன்றை மட்டும் பூட்டினால் ஆற்றல் முழுதும் திறந்திருக்கும் பக்கத்தில் வீணே சுழன்றுபோகும்; முன்சக்கரம் இழுக்காது. இரண்டாவது, மாதம் ஒருமுறையேனும் ஹப்புகளைப் பூட்டி மண்சாலையில் சில கிலோமீட்டர் ஓட்டுதல் நலம். நெடுநாள் அசையாது நிற்கும் கிரவுனின் மேற்பகுதியில் எண்ணெய் வடிந்துவிடும். அவ்வாறு ஓட்டினால் அது மீண்டும் எண்ணெயில் நனையும்.

இழப்பு எவ்வளவு?

தரையைப் பற்றி இழுக்கும் ஆற்றல், இயக்கப்படும் சக்கரங்களின்மீது தங்கும் பாரத்தைப் பொறுத்தது. 1,500 கிலோகிராம் எடையுள்ள வண்டியொன்றில் பாதிப் பாரம் முன் அச்சிலும் பாதிப் பாரம் பின் அச்சிலும் தங்குவதாகக் கொள்வோம். நனைந்த களிமண்ணில் பிடிப்பெண் 0.2 என்றும், சேற்றில் உருளுவதற்கே எடையில் நூற்றுக்கு 5 பங்கு இழுவிசை வேண்டுமென்றும் கொள்வோம். பின்சக்கர இயக்கத்தில் கிடைக்கும் இழுவிசை 150 கிலோகிராம். உருளுவதற்கு 75 போக, ஏற்றத்துக்கு எஞ்சுவது 75. அவ்வண்டி 20-க்கு 1 என்ற ஏற்றத்தையே ஏறும். நாற்சக்கர இயக்கத்தில் இழுவிசை 300, எஞ்சுவது 225. அவ்வண்டி ஏறக்குறைய 7-க்கு 1 என்ற ஏற்றத்தை ஏறிவிடும். இழுவிசை இரட்டிப்பதால் ஏறும் திறன் மும்மடங்காகிறது. பின்புறம் சுமையேற்றினாலும், சரிவில் பாரம் பின்னே சாய்ந்தாலும் இவ்வெண்கள் சற்று மாறுபடும், தத்துவம் மாறாது.

விதர்ப்பத்திலும் மாளவத்திலும் உள்ள கரிசல் நிலத்தை ஒரு மழைக்குப் பின் கடந்தவர்களுக்கு இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை. ஜெய்சல்மேர், பிகானேர் பகுதிகளின் மணல் மேடுகளிலும், பிரம்மபுத்திராவின் வண்டல் திட்டுகளிலும், ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் பனி படிந்த சாலைகளிலும் இதே நிலைதான். நிலத்தடி நீரை ஆய்வோரும், பாறைகளை ஆய்வோரும், தடுப்பூசி மருந்தைக் குளிர்ப்பெட்டியிலிட்டுக் கொண்டு செல்வோரும் ஓர் ஆண்டில் செல்லும் தூரத்தில் பெரும்பகுதி தார்ச்சாலையாக இருக்கலாம். ஆனால் அவர்கள் பணி நிகழும் இடம் பெரும்பாலும் அச்சாலை முடியுமிடத்துக்கு அப்பாலேயே இருக்கிறது. நூறு கிலோமீட்டரில் தொண்ணூற்றெட்டு நல்ல சாலையாயினும், எஞ்சிய இரண்டைக் கடக்க இயலாவிடில் பயணம் பயனற்றதாகிவிடும். வண்டியின் தேவையைச் சராசரிச் சாலையைக் கொண்டு அளப்பது தவறு. மிக மோசமான பகுதியைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

இழுவிசை தவிர இழக்கப்படும் பிற நலன்களும் உண்டு. வில்லிஸ் ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸில் தாழ்ந்த கியர் ஒன்று உண்டு. முன் அச்சைப் பிணைத்த பின்னரே அதைப் போட இயலும்படி ஒரு தடை அமைக்கப்பட்டுள்ளது. தாழ்ந்த கியர் திருப்புவிசையை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது. அவ்விசை முழுவதும் பின் அச்சின்மீதே விழுந்தால் அரைத்தண்டுகள் முறியக்கூடும் என்பதற்காகவே அத்தடை வைக்கப்பட்டது. முன் அச்சை அகற்றியபின் அத்தடைக்குப் பணிந்தால் தாழ்ந்த கியர் பயன்படாது. தடையை எடுத்துவிட்டால் பின் அச்சுக்கு ஆபத்து. மலைச்சரிவில் பிரேக்கை நம்பாமல் எஞ்சினின் தடுப்பாற்றலைக் கொண்டே மெல்ல இறங்குவதற்குத் தாழ்ந்த கியர் எத்துணை உதவும் என்பதை மலைப்பகுதிகளில் பணிபுரிவோர் நன்கறிவர்.

அரைகுறை மாற்றத்தின் ஆபத்து

இம்மாற்றம் பெரும்பாலும் சிறு பட்டறைகளிலேயே செய்யப்படுகிறது. மெக்கானிக்கின் கைத்திறனில் குறையில்லை. ஆனால் முன்சக்கர இயக்கம் வண்டியின் வேறு பல உறுப்புகளோடு இணைந்தது என்பது மறக்கப்படுகிறது.

டிரான்ஸ்ஃபர் கேஸையே எடுத்துவிடலாம் என்பர் சிலர். வில்லிஸ் ஜீப்பில் கியர்ப்பெட்டியின் முதன்மைத் தண்டு டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ளேயே முடிகிறது. அதை எடுத்துவிட்டால் பின் தண்டைப் பூட்டுவதற்கு இடமே இராது. கைப்பிரேக்கின் டிரம் அப்பெட்டியின் பின்புறத்தில் அமைந்துள்ளது; அதுவும் போய்விடும். வேகமானியைச் சுழற்றும் கம்பியும் அங்கிருந்தே புறப்படுகிறது. அது நின்றால் ஓடிய தூரம் பதிவாகாது. அரசு வண்டியின் பயணப் பதிவேடும் எரிபொருட் கணக்கும் ஆதாரமிழக்கும். கைப்பிரேக்கு பெட்டியோடு எஞ்சியிருந்தாலும் ஒரு வேறுபாடு உண்டு. முன் அச்சைப் பிணைத்து நிறுத்தினால் அது நான்கு சக்கரங்களையும் பிடித்துக்கொள்ளும். மாற்றத்துக்குப் பின் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். சரிவில் வண்டியை நிறுத்துவோர் சக்கரத்துக்கு அடியில் கல்லோ கட்டையோ வைக்கத் தவறலாகாது.

முன் அரைத்தண்டுகளை மட்டும் உருவி எடுப்பது மற்றொரு முறை. பழைய ஜீப்பில் ஹப் தனக்கென அமைந்த குழல்முனையில் இரண்டு பேரிங்குகளின்மீது நிற்பதால், தண்டை உருவினாலும் சக்கரம் விழாது. ஆனால் தண்டு இருந்த துளை வழியே கிரவுனின் எண்ணெய் வழிந்து பிரேக் டிரம்மை அடையக்கூடும். வெளித்துளை வழியே தூசும் நீரும் பேரிங்கில் புகும். இரண்டு துளைகளையும் செம்மையாக அடைத்தல் வேண்டும். பிற்கால டிரக்குகள் பலவற்றிலோ நிலைமை இன்னும் கடுமையானது. அவற்றில் ஹப்பும் பேரிங்கும் ஒரே உறுப்பாக இணைந்திருக்கும். அரைத்தண்டின் வெளிமுனையும் அதிலுள்ள நட்டுமே அப்பேரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அம்முனையின்றி வண்டியை ஓட்டினால் பேரிங் சிதைந்து, ஓடும் வண்டியிலிருந்து சக்கரம் கழன்று போகவும் கூடும்.

முழுநேர நாற்சக்கர இயக்க வண்டிகள் வேறு வகையின. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்றவற்றில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே மூன்றாவது டிஃபரன்ஷியல் ஒன்று உண்டு. அதனாலேயே அவற்றைத் தார்ச்சாலையிலும் நான்கு சக்கரங்களின் இயக்கத்துடன் ஓட்ட இயலுகிறது. அத்தகைய வண்டியில் முன் தண்டைக் கழற்றிவிட்டால், நடு டிஃபரன்ஷியலைப் பூட்டாதவரை வண்டி நகரவே நகராது. எதிர்ப்பில்லாத பக்கத்திலேயே ஆற்றல் சுழன்று போய்விடும். பூட்டியே வைத்து ஓட்டினாலும், அவ்வமைப்பின் நோக்கம் கெடுகிறது. ஆகவே எவ்வகை வண்டி என்பதை அறியாமல் ஒரு போல்ட்டையும் தளர்த்தலாகாது.

உற்பத்தியாளர் செய்வதும் பட்டறை செய்வதும்

பின்சக்கர இயக்க ஜீப் என்பதே தகாதது என்று இதனால் கூறியதாகாது. 1930-களில் இண்டியானாபொலிஸ் நகரத்து மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம் ஃபோர்டு லாரிகளை நாற்சக்கர இயக்கத்துக்கு மாற்றி விற்றது. அதற்கு மாறாக, வில்லிஸ் நிறுவனமே 1950-களின் இடையில் டிஜே-3ஏ என்னும் பின்சக்கர இயக்க ஜீப்பை வெளியிட்டது. நகரத்துத் தபால், சரக்கு விநியோகம் முதலிய பணிகளுக்கு அது ஏற்றதாயிருந்தது. ஆனால் அந்நிறுவனம் நாற்சக்கர வண்டியிலிருந்து சில உறுப்புகளை உருவி எடுத்து அதனைச் செய்யவில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸ் வேண்டாதவாறு கியர்ப்பெட்டி அமைக்கப்பட்டது. முன்புறத்தில் இயக்கமற்ற திண்மையான இரும்பு அச்சு பொருத்தப்பட்டது. நம் நாட்டில் மகீந்திரா நிறுவனமும் 2023-ஆம் ஆண்டு சனவரியில் தார் வண்டியின் பின்சக்கர இயக்க வகையைத் தனியே விற்பனைக்குக் கொணர்ந்தது.

இதனின்றும் பெறப்படும் பாடம் தெளிவானது. தார்ச்சாலையை விட்டு என்றும் இறங்காத பணிக்குப் பின்சக்கர இயக்க வண்டியையே தொடக்கத்தில் வாங்குதல் வேண்டும். துறையில் இரு வகை வண்டிகளும் இருப்பின், பணிக்கேற்றவாறு அவற்றை இடம் மாற்றிக்கொள்ளலாம். சாலைப்பணி மிகுந்த அலுவலகத்தில் நிற்கும் நாற்சக்கர வண்டியை, அது வேண்டிய களப்பிரிவுக்கு அனுப்புவது அதனை அறுப்பதினும் அறிவுடைய செயலாகும்.

சட்டமும் காலமும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும் வகையில் பதிவு பெற்ற வண்டியை உரிமையாளர் மாற்றலாகாது என்று விதிக்கிறது. 2019-ஆம் ஆண்டு சனவரியில் உச்ச நீதிமன்றமும் இப்பிரிவின் கண்டிப்பை வலியுறுத்தியது. வண்டியின் வெற்றெடை முதலியவை பதிவுச் சான்றில் இடம்பெற்றவை. கனமான உறுப்புகளை அகற்றினால் வெற்றெடை மாறும். பதிவு அதிகாரியின் கருத்தை எழுத்து மூலம் பெறாமல் இத்தகைய மாற்றத்தில் இறங்குதல் தகாது. விபத்து நேரிடின், காப்பீட்டு நிறுவனம் எழுப்பும் முதல் வினாவும் இதுவாகவே இருக்கக்கூடும்.

அரசு வண்டிகளைப் பொறுத்தமட்டில் வேறொரு விதியும் கருதற்பாலது. 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்னும் விதி 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு முதலிய சில பணிகளுக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. முன் அச்சில் பழுது தோன்றி, மாற்றம் பற்றிய பேச்சு எழும் பொழுது, வண்டி பெரும்பாலும் பத்தாண்டுகளையேனும் கடந்திருக்கும். எஞ்சிய சில ஆண்டுகளில், சிறு எரிபொருள் மிச்சத்தைக் கொண்டு மாற்றத்தின் செலவை மீட்பது அரிது. உறுப்புகள் அகற்றப்பட்ட வண்டி ஏலத்திலும் நல்ல விலை பெறாது.

மாற்றம் பொருந்தும் இடம்

எல்லா நிலையிலும் மாற்றத்தை மறுத்தல் ஒருதலையான முடிவாகும். பண்ணை வளாகத்துக்குள் தண்ணீர்த் தொட்டியை இழுக்கும் பழைய வண்டி, தொழிற்பயிற்சி நிலையத்தில் பாடத்துக்காக வைக்கப்பட்ட வண்டி போன்றவற்றில் முன் கிரவுன் சிதைந்து, உதிரிப் பாகமும் கிடைக்காதாயின், முன் இயக்கத்தை நீக்குவது ஏற்கத்தக்கதே. ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் உருவாகி, இராணுவப் பணி முடிந்து தனியார் கைக்கு வந்த ஜோங்கா போன்ற வண்டிகளுக்கும் இச்சங்கடம் நேர்வதுண்டு. அந்நிலையில் சில நெறிகளைப் பின்பற்றுதல் வேண்டும். வண்டியின் வகையை முதலில் உறுதி செய்துகொள்க. பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெறுக. ஹப், துளை, எண்ணெய், கைப்பிரேக்கு, வேகமானி ஆகிய ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க. வண்டி தாழ்ந்த கியரில் ஓடாதவாறு தடையை அப்படியே வைத்திடுக. கழற்றிய உறுப்புகளை எண்ணெய் பூசிப் பெயர் எழுதிப் பாதுகாத்திடுக. எதனையும் வெல்டிங் செய்து நிலைப்படுத்தாதிருக்க. பிற்காலத்தில் உறுப்பு கிடைக்குமாயின் வண்டி பழைய நிலைக்குத் திரும்பக்கூடியதாயிருத்தல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் இப்பொருள் பயன் தருவதாகும். முன் டயரிலும் பின் டயரிலும் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, விடுபட்ட நிலையிலுள்ள ஜீப்பைப் பள்ளித் திடலில் மெல்லத் தள்ளிக் கால் வட்டம் திருப்பினால், எந்தச் சக்கரம் எத்தனை சுற்று சுழன்றது என்பதை மாணவர்களே எண்ணிக் கூறுவர். ஒரே பக்கத்து முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஒப்பிடச் செய்தல் வேண்டும். பித்தகோரசின் விதி, உராய்வு, பாரம், இழுவிசை ஆகியவை அனைத்தும் அங்கே கண்கூடாக விளங்கும். ஏட்டில் படித்த விதி தம் ஊருக்கு வரும் வண்டியிலும் செயற்படுவதைக் கண்ட மாணவர் அதை மறப்பதில்லை.

ஒரு வண்டியில் ஆண்டின் பெரும்பகுதி வேலையில்லாதிருக்கும் உறுப்பு, வேண்டாத உறுப்பு ஆகிவிடாது. மழைக்காலத்துக்கென ஆற்றங்கரையில் கட்டி வைத்திருக்கும் பரிசலைக் கோடையில் யாரும் விறகாக்குவதில்லை. லீவரை உரிய காலத்தில் விலக்குதல், நான்கு டயர்களையும் ஒத்த அளவில் வைத்தல், கூடுமாயின் திறக்கும் ஹப்புகளைப் பொருத்துதல், எரிபொருளை அளந்து குறித்தல் ஆகிய நான்கையும் ஓராண்டு முறையாகச் செய்து பார்த்தபின், மாற்றம் இன்னும் தேவையெனத் தோன்றினால் அப்பொழுது அதனை ஆராயலாம். அவ்வாறு அளந்து பார்த்த அலுவலகங்களுட் பெரும்பாலானவை முன் அச்சை அப்படியே விட்டுவைக்கவே விரும்பும் என எதிர்பார்ப்பது மிகையாகாது.